ஜெயசீலன் தொடாத கணினி

பாலாமணி போன் செய்தபோது நான் ஒரு மாப்பிள்ளை வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மூன்றாவது முறை அடித்தபோது எழுந்து வெளியே வந்து எடுத்தேன்.

"அக்கா, சீலண்ணன் போயிட்டாருக்கா," என்றாள். "நேத்து சாயந்திரம் ராமச்சந்திராபுரத்துல இருந்து பஸ்ல வந்திருக்காரு. ஜன்னலோரமா சாஞ்சிருந்தாராம். தூங்குறாருன்னு யாரும் எழுப்பல. கடைசி ஸ்டாப்புல டிரைவர் வந்து தோளைத் தொட்டிருக்காரு."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நீங்க வருவீங்களாக்கா?"

அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அல்வாலிலும் லோத்குண்டாவிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்காவது தெரிந்த கதை அது. பழைய கணினிகளை வாங்கி விற்கும் ஜெயசீலனின் கவனக்குறைவால் என் திருமணத் தகவல் மையத்தின் ரகசியங்கள் வெளியே போயின. அதனால் ஒரு பெண்ணின் நிச்சயம் முறிந்தது. நான் பெருந்தன்மையாக அவர்மேல் புகார் எதுவும் கொடுக்காமல் விட்டுவிட்டேன். இதுதான் நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டது. இதில் ரகசியம் வெளியே போனதும் அந்தப் பெண்ணின் நிச்சயம் முறிந்ததும் மட்டும்தான் உண்மை.

நம் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் இந்த நினைவுக் கூட்டத்துக்காக என்னை எழுதச் சொன்னபோது, "பழசையெல்லாம் மறந்துட்டு நீங்க நாலு வார்த்தை எழுதினா அவரு குடும்பத்துக்கு ஆறுதலா இருக்கும்," என்றார். மன்னிக்க வேண்டியவள் நான் என்று அவர் நினைத்திருந்தார். நான் மறுத்துச் சொல்லவில்லை. சரி, எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். எழுதியது இதுதான்.

ஜெயசீலனை நான் முதலில் பார்த்தது ஏழு வருடங்களுக்கு முன்பு. கணவரின் வேலை நிமித்தம் திருச்சியிலிருந்து இந்தத் தெலுங்கு நகரத்துக்கு வந்து, ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அதையும் விட்டு மையத்தைத் தொடங்கியிருந்த நேரம். புதுக் கணினி வாங்கும் வசதி இல்லை. நகரத்துக்கு நடுவிலுள்ள பெரிய மின்சாதனச் சந்தைக்குப் போய், பளபளவென்று இருந்த பழைய கணினி ஒன்றை வாங்கி வந்தேன். மூன்று வாரத்தில் அது திரையில் நீல நிறத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டது. எதிர்த்த வரிசையில் தையல் கடை வைத்திருந்த பாலாமணிதான், அல்வாலில் சீலண்ணன் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டுங்கள் என்று அனுப்பினாள். அவளுடைய எம்பிராய்டரி இயந்திரத்தை ஓட்டும் கணினி அவர் கொடுத்தது.

ஒரே அறைதான் அவர் கடை. ஐம்பதை நெருங்கும் மனிதர், ஒல்லியாக, சட்டைப் பையில் நாலைந்து ஸ்க்ரூடிரைவர்களோடு இருந்தார். கணினியின் மூடியைக் கழற்றினார். விசிறிக்கு அடியிலிருந்து தூசியைக் கம்பளித் துண்டு மாதிரி உரித்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இன்னா மேடம், இத எங்க வாங்குனீங்க?"

சொன்னேன்.

"வெளிய தொடச்சிக்கிறான். உள்ள தொடைக்கல. ஸ்டிக்கர் இந்த வருஷத்துது, உள்ள இருக்கிற சாமான் அதுக்கு எட்டு வருஷம் முந்தினது. இத ரிப்பேர் பண்ண நக்கோ மேடம், திரும்ப இதே பண்ணும்."

அவருடைய தாத்தா அரக்கோணத்துப் பக்கமிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்தவர். அப்பாவும் அதே பட்டறை. மூன்று தலைமுறை இங்கேயே இருந்ததில் அந்த வட ஆற்காட்டுத் தமிழுக்குள் இந்த ஊரின் உருதுவும் தெலுங்கும் புகுந்து உட்கார்ந்துகொண்டிருந்தன. 'வேண்டாம்' என்பதற்கு நக்கோ, 'ஆமாம்' என்பதற்கு ஹவ். 'ஏன்' என்று கேட்க "கைக்கு" என்பார். முதல் சில நாட்கள் அவர் என் கையைப் பற்றி ஏதோ கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு மூன்று லேப்டாப் வேண்டும் என்றேன். விற்கிறவர் உடனே எடுத்துக் காட்டியிருக்க வேண்டும். அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள், போட்டோ எவ்வளவு வைத்திருப்பேன், கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போவேனா? எங்கும் போக மாட்டேன், ஆனால் மேசைமேல் லேப்டாப் இருந்தால் வருகிறவர்களுக்கு ஒரு மதிப்பு வரும் என்றேன்.

"வர்றவங்க உங்க மூஞ்சப் பாத்துதான் பொண்ணு போட்டோவ குடுக்குறாங்க மேடம். மெஷின் மூஞ்சப் பாத்து இல்ல," என்றார்.

நான் அந்த வாக்கியத்தைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அதை எழுதும்போது கை கூசுகிறது.

அடுத்த வாரம் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தை மூடினார்கள். அங்கே பழைய கணினிகளை ஏலம் விடுகிறார்கள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பெரிய கூடத்தில் தரையில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மற்ற வியாபாரிகள் மொத்தமாக விலை பேசிக்கொண்டிருக்க, இவர் ஒவ்வொன்றின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து காற்றுப் போகும் துளையை முகர்ந்து பார்த்தார். சிகரெட் வாடை இருந்தால் ஒதுக்கினார். ஈர வாடை இருந்தாலும் ஒதுக்கினார். விசைப்பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்து தேய்ந்து போன ஒன்றை எனக்காக எடுத்துவைத்தபோது, பக்கத்திலேயே புத்தம் புதிதாக இருந்த ஒன்றைக் காட்டி, இது நன்றாக இருக்கிறதே என்றேன்.

"கீ தேஞ்சிருந்தா அது வேலை செஞ்ச மெஷின். இது கைக்கு புதுசாவே இருக்குது? ஒண்ணு, யாரும் தொடல. இல்ல, கெட்டுப்போயி மூலையில கெடந்துச்சு. நாம வாங்கறது பழசு மேடம். பழசு பழசாத்தான் இருக்கணும்."

மேசையிலேயே இருப்பதற்கு லேப்டாப் எதற்கு, சாதாரணக் கணினி இரண்டு போதும் என்று வாங்கித் தந்தார். இரண்டையும் அவர் கடையில் வைத்து, அரை மணி நேரம் என்னையே உட்கார்ந்து தட்டச்சு செய்து பார்க்கச் சொன்னார். கொடுப்பதற்கு முன்பு மூடிக்கு உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் 'ஜெ' என்று போட்டு ஒரு எண்ணும் எழுதினார். அவர் கை வழியாகப் போகும் எல்லாவற்றிலும் அப்படி எழுதுவார். நாளைக்கு ஏதாவது ஆனால் என் கடைச் சாமான் என்று தெரிய வேண்டும் அல்லவா என்றார்.

அதன்பின் அடிக்கடி அவர் கடைக்குப் போக நேர்ந்தது. ஒருநாள் பகலில் போனபோது மேசைமேலிருந்த திரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். மூடிப்போன ஒரு மருத்துவமனையின் கணினி அது, டிஸ்க்கை அழித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. என்ன இருந்தது, பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"ஒருத்தர் உள்ள துணி மாத்தினு இருக்கிறப்ப கதவத் தெறப்பீங்களா மேடம்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. விசைப்பலகைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "குப்பைத்தொட்டில போட்டுட்டா அழிஞ்சிச்சுன்னு நெனைக்கிறாங்க. அழியாது. பேருதான் போவும், ஆளு உள்ளயே இருப்பான். இத முழுசா அழிக்க நாலு மணி நேரம் ஆவும். அந்த நாலு மணி நேரத்த யாரும் குடுக்க மாட்டேங்கிறாங்க."

அதாவது எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. அவர் வாயால் கேட்டிருக்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு மையம் நன்றாக நடக்க ஆரம்பித்தது. இரண்டு கணினிகளில் ஒன்றை மாற்ற நினைத்தேன். ஜெயசீலனிடம் சொன்னேன். "பழசக் கொண்டாந்து என்கிட்ட போடுங்க. டிஸ்க்க அழிச்சிட்டு எடுத்துக்கிறேன். ஆனா இந்த வாரம் ஆவாது, அடுத்த வாரம்," என்றார். எனக்கு அடுத்த வாரம் வரை பொறுமை இல்லை. அலுவலகத்துக்குப் புது மேசை வந்திருந்தது. பழைய கணினி வழியில் கிடந்தது. இணையத்தில் படத்தோடு ஒரு விளம்பரம் போட்டேன். அன்றைக்கே ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். அவர் வருவதற்கு முன்னால் என் கோப்புகளை எல்லாம் நானே நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். ஐந்து நிமிட வேலை.

அந்தக் கணினியில் ஒரு பட்டியல் இருந்தது. பெயர், நட்சத்திரம், படிப்பு, உயரம் என்று வழக்கமான கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்கு 'குறிப்பு' என்று பெயர். பெற்றோர்கள் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொல்வதை அதில் எழுதிவைப்பேன். எதிர்த்தரப்பிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்காக. ஒரு தாய் தன் மகளைப் பற்றி அப்படி ஒன்று சொல்லியிருந்தார். அது என்ன என்பதை இங்கேயும் எழுத மாட்டேன்.

வாங்கிக்கொண்டு போனவர், அழிந்த கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருளை விளையாட்டாக ஓட்டிப் பார்த்திருக்கிறார். பட்டியல் கிடைத்தது. அதில் சுவாரசியமாகப் பட்ட ஒரு வரியை, அந்தப் பெண்ணின் வரியை, படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார். அது கைமாறிக் கைமாறிப் பத்தே நாளில் அந்தப் பெண்ணுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள்.

பெண்ணின் தகப்பனார் என் அலுவலகத்துக்கு வந்தார். ராணுவ அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் போடவில்லை. போனை நீட்டி அந்தப் படத்தைக் காட்டினார். "இது எங்க வீட்டம்மா உங்ககிட்ட மட்டும் சொன்னது. இது எப்படிம்மா வெளிய போச்சு?"

பார்த்த கணமே தெரிந்துவிட்டது. வரியின் ஓரத்தில் நான் போட்டிருந்த மஞ்சள் நிறம்கூட அப்படியே இருந்தது. என் மேசைக்கு எதிரில் வேறொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. "பழைய கம்ப்யூட்டரை மாத்தினோம் சார். பழைய சாமான் வாங்குறவங்க கைக்குப் போனதுல ஏதோ ஆகியிருக்கு," என்றேன். "யாரு அது?" என்று கேட்டார். "நாங்க வழக்கமா ஜெயசீலன்கிட்டதான் வாங்குறது, குடுக்கிறது," என்றேன்.

அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால் பொய் என்று நிரூபிக்க முடியாது. அப்படித்தான் அதை அமைத்திருந்தேன்.

பெண்ணின் தகப்பனார், வெளியே நின்றிருந்த உறவினர்கள் இரண்டு பேரோடு நேரே அல்வாலுக்குப் போனார். கால் மணி நேரத்தில் ஜெயசீலனிடமிருந்து எனக்குப் போன் வந்தது. எடுத்ததுமே ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் என்று புரிந்தது. சுற்றி ஆட்களின் குரல் கேட்டது.

"மேடம், உங்க பழைய மெஷின் என்கிட்ட வரலன்னு இவங்ககிட்ட சொல்லிக்கினு இருக்கேன். நம்ப மாட்டேங்கிறாங்க. அது என்கிட்ட வந்துச்சா மேடம்? நீங்களே சொல்லிடுங்க."

எதிரில் உட்கார்ந்திருந்த குடும்பம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாளின் மடியில் மகளின் ஜாதகம் இருந்தது.

"எனக்குச் சரியா ஞாபகமில்ல," என்றேன்.



"சரி மேடம்," என்றார் ஜெயசீலன். வைத்துவிட்டார்.

எனக்கு ஞாபகம் இருந்தது. வந்து எடுத்துப் போனவரின் சட்டை நிறம்கூட ஞாபகம் இருந்தது. அவரது எண் அப்போதும் என் போனில் இருந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மையத்தை மூட வேண்டி வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். அதைக்கூட அப்போது நான் எடைபோட்டுப் பார்க்கவில்லை. எதிரில் இருந்தவர்கள் எழுந்து போய்விடுவார்களோ என்பது மட்டுமே மனதில் ஓடியது. அவர்கள் போகவில்லை. அன்றைக்கே பதிவு செய்துகொண்டார்கள்.

பிறகு நடந்ததில் உங்களுக்கும் பங்குண்டு; ஆனால் உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. நீங்கள் என்னை நம்பினீர்கள். சங்கத்தின் மாலை வகுப்புக்கு அவர் பழுது பார்த்துத் தந்த கணினிகளை வேறொருவரின் பொறுப்பில் விட்டீர்கள். தெரிந்த குடும்பங்கள் கடைக்குப் போவதை நிறுத்தின. ஒரு வருடத்துக்குள் பகல் நேரத்தில் அந்தக் கடை பூட்டிக் கிடக்க ஆரம்பித்தது. அவர் ராமச்சந்திராபுரத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்து, கழித்துக் கட்டிய அலுவலகக் கணினிகளைப் பிரித்துப் போடும் வேலைக்குப் போனார். நகரத்தின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பயணம். காலையில் ஆறரைக்கு பஸ்ஸுக்கு நிற்பார். நான் நடைப்பயிற்சி போகும்போது இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் சாலையைக் கடந்து அடுத்த பக்கம் போய்விட்டேன். கடைசியில் அவர் போனதும் அந்த பஸ்ஸில்தான்.

நிச்சயம் முறிந்து ஐந்தாறு மாதம் கழித்து ஒருநாள் காலை பதினொரு மணிக்கு ஜெயசீலன் என் அலுவலகத்துக்கு வந்தார். தோளில் ஒரு பை. அதிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உங்க மெஷின் சந்தைக்கு வந்திருந்துச்சு மேடம். எனக்குத் தெரிஞ்ச யாபாரி மூடியத் தொறந்து என் நம்பரப் பாத்துட்டு போன் பண்ணான். வாங்கியாந்துட்டேன். வாங்குனவன் திருப்பி எடுத்த லிஸ்ட்டு அப்பிடியே கெடக்குது. அந்தப் பொண்ணு ஒண்ணுதான் வெளிய வந்துச்சு. உள்ள எரநூறு குடும்பம் இருக்குது."

அந்த வியாபாரிக்கு அதை விற்றவர் யார், அவர் யாரிடமிருந்து வாங்கினார் என்பதெல்லாம் ஜெயசீலனுக்குத் தெரிந்திருந்தது. விளம்பரத்துக்கு நான் எடுத்த படம்கூட அவர் போனில் இருந்தது. காட்டினார். என் அலுவலகத்துச் சுவர், என் நாட்காட்டி.

"இத பொண்ணோட அப்பாகிட்ட காட்டுனா என் பேரு நேராயிடும்," என்றார். "ஆனா அந்தப் பொண்ணு பேரு மறுபடியும் நாலு பேரு வாய்ல விழும். அது நக்கோ மேடம். இத இங்கயே அழிச்சிட்டுப் போறேன். நீங்க பாத்துக்கினு இருக்கணும். இல்லாங்காட்டி அழிச்சேன்னு நான் சொல்றது மட்டும்தான் இருக்கும்."

பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்து, டிஸ்க்கை இணைத்து, திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, வருகிறவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் மூன்று குடும்பங்கள் வந்து போயின. அவர்களுக்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு வாங்கவில்லை. வாங்கிக் கொடுத்தால் ஏதாவது பேச வேண்டியிருக்கும் என்ற பயம். ஒரு பெரியவர், இவர் யார் என்று கேட்டார். "ரிப்பேருக்கு வந்திருக்காரு," என்றேன். ஜெயசீலன் அந்தப் பெரியவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

மூன்று மணிக்கு எழுந்து, "ஆயிடுச்சி மேடம், வந்து பாருங்க," என்றார். வெற்றுத் திரை. பார்த்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் என் போன் அடித்தது. எடுத்துவிட்டேன். பேசி முடித்துத் திரும்பியபோது அவர் படியிறங்கிவிட்டிருந்தார். அந்தப் போன் முக்கியமானதல்ல. அது யாருடையது என்றுகூட இப்போது நினைவில்லை.

அதற்குப் பிறகு அவரோடு நான் பேசவே இல்லை.

அவரை அடக்கம் செய்த அன்று நான் போனேன். பாலாமணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்தது பெரிய மனசுக்கா," என்றாள். கல்லறையில் எல்லோரும் மண் போட்டார்கள். நான் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான், இனியும் இதை வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. ஆனால் இதை வெளியே சொன்னால் அவர் காப்பாற்ற நினைத்த பெண்ணின் விஷயமும் கூடவே வரும். அதனால் முதலில் அவளிடம் போனேன். இப்போது திருமணமாகி ஒரு குழந்தையோடு இருக்கிறாள். இங்கேயே படித்தவள்; தமிழ் புரியும், பேசுவது தெலுங்கும் ஆங்கிலமும் கலந்துதான்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆயன நன்னே அடிகாரு ஆன்ட்டி. நேனே வத்தன்னானு," என்றாள். அவர் என்னைத்தான் கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன். என் அலுவலகத்துக்கு வருவதற்கு முந்தின நாள் ஜெயசீலன் அவளைப் போய்ப் பார்த்திருக்கிறார். என் விளம்பரப் படத்தைக் காட்டி, இதை உன் அப்பாவிடம் சொன்னால் மறுபடி பேச்சு வரும், சொல்லவா வேண்டாமா, உன் இஷ்டம் என்று கேட்டிருக்கிறார். "அப்போ எனக்கு பயம் ஆன்ட்டி. ஐ வாஸ் ஸோ டயர்ட். வேண்டாம்னு சொன்னேன். சரேம்மான்னு சொல்லிட்டு போயிட்டாரு. தர்வாத்த, அதுக்கப்புறம், அவரு ஷாப் முன்னாடி போகவே எனக்கு ஃபேஸ் இல்ல."

அப்படியென்றால் என்னைப் பற்றி அவளுக்கு அன்றிலிருந்தே தெரியும். இந்த மூன்று வருடங்களில் எத்தனையோ விசேஷங்களில் அவளைப் பார்த்து, கன்னத்தைத் தொட்டு, நல்லா இருக்கியாம்மா, கவலைப்படாதே, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன். அவள் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே, நல்லா இருக்கேன் ஆன்ட்டி என்றிருக்கிறாள்.

இதைக் கூட்டத்தில் வாசிக்கலாமா என்று கேட்டேன். "சதவண்டி. என் பேரு மட்டும் வேண்டாம்," என்றாள். வாசியுங்கள் என்று அர்த்தம். பிறகு, அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

அங்கிருந்து அல்வாலுக்கு, ஜெயசீலனின் மனைவி ஸ்டெல்லாவிடம் போனேன். அவர் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் பேச ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும். அன்னிக்கே சொல்லிட்டாரு."

"உங்களுக்குக் கோபம் வரலையா?"

"வந்துச்சு. உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கணும்னு கெளம்புனேன். அவருதான் நக்கோன்னுட்டாரு. 'அந்தம்மா பயந்துட்டாங்க, விடு'ன்னாரு." மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தார். "எனக்கு இப்பவும் கோவம்தான். உங்கள மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லப்போறது இல்ல. அதுக்கு வந்திருந்தீங்கன்னா போயிடுங்க."

அதற்கு வரவில்லை என்றேன். அதுவரை எழுதியிருந்ததைக் கொடுத்தேன். முழுவதும் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, அவர் ஒல்லி என்று எழுதியிருக்கிறீர்களே, கல்யாணத்தின்போது நல்ல உடம்பு என்றார். அதற்கப்புறம் ஒரு விஷயம் சொன்னார். பூட்டிக் கிடக்கும் கடையில் பத்தொன்பது கணினிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்ப்பதற்காக அவர் எடுத்துவைத்தவை. யார் யாருடைய வீட்டு விஷயமோ உள்ளே கிடக்கிறது. மொத்தமாக எடுத்துக்கொள்வதாக இரண்டு வியாபாரிகள் கேட்டிருக்கிறார்கள். அழிக்காமல் கொடுக்க ஸ்டெல்லாவுக்கு மனம் வரவில்லை.

"நீங்க வந்து அழிச்சிக் குடுங்க," என்றார் ஸ்டெல்லா.

"நானா?" என்று கேட்டேன். "என்னை நம்பியா?"

"நம்பி இல்ல. வேற யாரு வந்தாலும் உள்ள இன்னா இருக்குதுன்னு பாப்பாங்க. நீங்க இனிமே பாக்க மாட்டீங்க."

பத்து நாட்களாகக் காலையில் மையத்தைப் பூட்டி வைத்துவிட்டு அந்தக் கடைக்குப் போகிறேன். சாவி ஸ்டெல்லாவிடம், அவர் வந்து திறந்துவிட்டு, மதியம் வந்து பூட்டுவார். ஒரு டிஸ்க்குக்கு நாலு மணி நேரம் என்று ஜெயசீலன் சொன்னது சரிதான். சிலவற்றுக்கு அதைவிடக் கூட ஆகிறது. அவ்வளவு நேரமும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருப்பதுதான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. அவருடைய நேர்மையைக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

பத்து முடிந்திருக்கிறது. இன்னும் ஒன்பது இருக்கின்றன. அவற்றில் சில இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் முன்பே பழசென்று அவரிடம் போட்டுவிட்டுப் போனவை. பெயர்ச் சீட்டு ஒட்டியிருக்கிறது. தயவுசெய்து காலை பத்து மணிக்குமேல் கடைக்கு வாருங்கள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, முழுவதும் அழிகிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள். நான் சொல்கிறேன் என்று நம்பிவிட்டு இருந்துவிடாதீர்கள்.